அலையில்லாத கடல்

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் தச்சனாக இருந்த பக்கிரிசாமி மரத்தில் கப்பல் மாதிரிகள் செய்வதில் கெட்டிக்காரன். ஆனால் 1929க்குப் பிறகு நிஜக் கடலைக் கண்டால் ஒதுங்கிவிடுவான். அந்த ஆண்டு பினாங்குக்கும் அக்கரைக்கும் நடுவே ஒரு நீராவிப் படகு கவிழ்ந்து பதினான்கு பேர் செத்தார்கள். தச்சு வேலை இல்லாத நாட்களில் அந்தப் படகின் அடுப்புக்குக் கரி தள்ளப் போனவன் அவன். ஒரு பீப்பாயைக் கட்டிக்கொண்டு தப்பினான்.

விபத்தைப் பற்றிய அரசாங்க விசாரணையில் காட்ட, படகையும் அன்றைய கடலையும் மாதிரியாகச் செய்யும் வேலை அவனிடமே வந்தது. படகு முதலாளியின் மேலாளர் கார்த்திகேசுதான் கொண்டுவந்தார்.

"அலை ஆள் உசரத்துக்கு நிக்கணும் பக்கிரி. புயல்லதான் கவுந்துச்சுன்னு பாத்ததும் தெரியணும்லா. உனக்கும் பொண்டாட்டி இருக்கு" என்றார் மெதுவாக.

பலகையில் சாந்து பூசி, ஈரம் காயுமுன் அலைகளைக் கிள்ளி எழுப்பினான். பச்சை, நீலம், மேலே வார்னிஷ். பளபளத்து நின்ற அலையைப் பார்த்தபடி கையைத் துடைத்தான். அன்று அப்படி ஒரு அலையே இல்லை. கடல் எண்ணெய் போலக் கிடந்தது. அரிசி மூட்டைகளைக் கூரைவரை அடுக்கியதால்தான் படகு சாய்ந்தது.

மனைவி குணவதியிடம் சொன்னான். அவள் உலையை இறக்கி வைத்தாள். பிறகு, "நீங்க செஞ்சு வச்சா, அதுதான் நடந்ததுன்னு ஆயிடும்" என்றாள்.

மறுநாள் உளியால் அலைகளைச் சுரண்டி எடுத்தான். அமைதியான தண்ணீர் செய்வது அலை செய்வதைவிடக் கடினம். ஒரு தூசி விழுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். சன்னலை அடைத்துக்கொண்டு ஏழு முறை வார்னிஷ் பூசினான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தூரிகை நின்றது. கார்த்திகேசு பார்க்க வந்தபோது இன்னும் காயவில்லை என்று சொல்லி, கதவைத் திறக்காமலே அனுப்பினான். அதன்பின் தாழ்ப்பாளை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான்.

விசாரணையன்று துணியை விலக்கினார்கள். கார்த்திகேசுவின் முகம் கறுத்தது. கடல் ஏன் இப்படித் தட்டையாக இருக்கிறது என்று அதிகாரி மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். பக்கிரிசாமி மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னிக்கு அலையே இல்ல தொரை. சாமான்தான் அதிகம். நான் அந்தப் படகுல இருந்தேன்."

முதலாளியின் படகு உரிமத்தைப் பறித்தார்கள். மூன்று வாரம் கழித்து யாரோ பட்டறைக்குள் புகுந்து எல்லா மாதிரிகளையும் மிதித்து நொறுக்கிவிட்டுப் போனார்கள். அன்றே கணவனும் மனைவியும் தீவின் இன்னொரு பகுதியான டத்தோ கிராமாட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே அவன் கதவுநிலை செய்து பிழைத்தான். பல வருடங்கள் வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்து வேலை செய்தான். யாரும் வரவில்லை.