ஹேமாம்புஜம் வரைந்த சுவர்

ஹேமாம்புஜம் புன்னைத்துறை டவுன் பஞ்சாயத்து ஆபீஸில் டிரேசராகச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஸ்ரீவைகுண்டத்தில் வாத்தியாராக இருந்து பார்வை மங்கிப்போன அப்பா சாரங்கபாணிக்கு அவள் ஒருத்திதான் துணை. காலையில் அவருக்குச் சாதம் வடித்து மூடி வைத்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிப்பாள். புன்னைத்துறை, தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டிய சின்ன ஊர். வீடோ கடையோ கட்டுகிறவர்கள் கொடுக்கும் வரைபடங்களை டிரேசிங் தாளில் மசியால் நகலெடுப்பது அவள் வேலை. ஏழு வருஷத்தில் அவள் கோடு ஒன்றுகூடப் பிசகியதில்லை என்று ஓவர்சீயர் ஆவுடையப்பனே சொல்லுவார்.

1973இல் கிருபாநிதி என்ற முதலாளியின் ஹோட்டல் வரைபடம் வந்தது. தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். கப்பல் அதிகாரிகள் தங்க இரண்டு மாடியில் புதுக் கட்டடம், அதன் பின்னால் கடலைப் பார்த்தபடி புல்தரையும் பூச்செடிகளும். தோட்டத்துக்கான இடம் பள்ளம். ஏரல் பக்கமிருந்து வண்டல் கொண்டுவந்து ஐந்தடிக்கு மேடாக்குவதாகப் படத்தில் இருந்தது. அந்த மண்ணைத் தாங்க வேண்டியது ஏற்கெனவே நின்ற மதில். மதிலுக்கு அந்தப் பக்கம், முதுகு ஒட்டினாற்போல எட்டு மீனவர் வீடுகள்.

குறுக்குவெட்டுப் படத்தை நகலெடுக்கும்போது அவள் கை நின்றது. ஓவர்சீயரிடம் எடுத்துப் போனாள்.

"சார், இது வெறும் ஒன்பது அங்குலக் கனத்து மதில். அஞ்சடி மண்ணை எப்படித் தாங்கும்? முட்டுத்தூண் இல்லை. தண்ணி வடியத் துளைகூட இல்லை."

"ஏம்மா, நாம கட்டடத்துக்குத்தான் அனுமதி குடுக்கோம். புல்லுக்கும் பூச்செடிக்குமா கணக்குப் பாக்கது?"

அவள் ஓரத்தில் பென்சிலால் 'மதிலின் பலம் சரிபார்க்க வேண்டும்' என்று எழுதிவைத்தாள். கூட்டத்துக்கு முந்தின நாள் ஆவுடையப்பன் அதைப் பார்த்துவிட்டு, "படம் சுத்தமா இருக்கணும்மா" என்றார். ரப்பரை எடுத்து அவளே அழித்தாள்.

பஞ்சாயத்துக் கூட்டத்தில் படத்தை விரித்துப் பிடித்தபடி நின்றதும் அவள்தான். மாடிப்படியின் அகலத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். கழிவுத் தொட்டி எங்கே என்று கேட்டார்கள். தோட்டம் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. ஆட்சேபணை என்று வந்திருந்தது ஒரே மனு. மதிலுக்குப் பின்னால் குடியிருந்த பிலோமி கொடுத்தது. அவள் வாசலிலேயே நின்று சொன்னாள்: "ஐயா, மழைத் தண்ணி ஓடுத பள்ளம் அது. அதை மண்ணு போட்டு மூடிட்டா தண்ணி எங்கன போவும்?"

"வேற வழியா திருப்பி விடுவாங்கம்மா" என்றார் தலைவர். மனு அத்தோடு முடிந்தது.

அடுத்த வருஷம் சித்திரையில் தோட்டம் பச்சையாக விரிந்து கிடந்தது. ஐப்பசியில் மழை பிடித்தது. விடாமல் பெய்த மூன்றாம் நாள் மத்தியானம் முப்பதடி நீளத்துக்கு மதில் சாய்ந்தது. பிலோமி மண்ணெண்ணெய் வாங்கப் போயிருந்தாள். அவள் புருஷன் ரோச் சங்கு குளிக்கிறவன்; கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் படுத்திருந்தான். கரைத்த மாவு மாதிரி வண்டல் வீட்டுக்குள் இறங்கியிருந்தது. அவனைத் தோண்டி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

விசாரணைக்கு மாவட்டத்திலிருந்து அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்த அன்று, ஆவுடையப்பன் ஒரு புதுத் தாளை அவள் மேஜையில் வைத்தார். "முட்டுத்தூண், துளை எல்லாம் போட்டு வரைஞ்சிரு. பழைய தேதியே இருக்கட்டும். கட்டினவன் படத்தை மீறிட்டான்னு ஆயிரும். ஆபீஸ் மேல பழி வராது. உங்க அப்பாவையும் நெனச்சுப் பாத்துக்கோ."

அவள் வரைந்தாள். பத்தடிக்கு ஒரு தூண், இரண்டு வரிசைத் துளைகள். அன்றும் கோடு பிசகவில்லை.

விசாரணையில் அதிகாரி அந்தப் படத்தைக் காட்டினார். பிலோமி வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு என்ன புரிந்ததோ, விரலை ஒரு துளையின் மேல் வைத்துக்கொண்டு ஹேமாம்புஜத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்கதான வரைஞ்சிய? சுவத்துல இந்த ஓட்டை எதுவுமே இல்லியே. அன்னைக்குக் கூட்டத்துலயும் இதுதான் இருந்துச்சா?"

"எனக்கு வந்த படத்தைத்தான் நகலெடுத்தேன்" என்றாள் ஹேமாம்புஜம்.

விசாரணை முடிந்த எட்டாம் நாள் ஹேமாம்புஜம், பிலோமி ஒதுங்கியிருந்த தங்கை வீட்டைத் தேடிப் போய் நடந்ததெல்லாவற்றையும் சொன்னாள். பென்சில் குறிப்பை அழித்ததையும், அப்பாவைச் சொல்லி ஓவர்சீயர் மிரட்டியதையும் சொன்னாள். பிலோமி கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாலு ஆள் ஆழத்துல மூச்சடக்குத மனுசன். உள்ள கெடந்து எம்புட்டு நேரம் அடக்குனாவளோ." கடைசிக் கருவாட்டையும் புரட்டிப் போட்டுவிட்டு, "இங்கன வந்து சொல்லுதிய. அங்கன சொல்லியிருக்கணும்" என்றாள்.

மறுநாள் ஹேமாம்புஜம் கலெக்டருக்கு எழுதினாள். எந்தப் படம் எப்போது வரையப்பட்டது, யார் சொல்லி, எந்த அறையில் என்று இரண்டு பக்கம். பதிலாக வந்தது அவளுக்கான குற்றச்சாட்டு மெமோ. அரசு ஆவணத்தைத் திருத்தியதாகத் தானே ஒப்புக்கொண்டவள் என்று வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆவுடையப்பன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். தொடர்மழையால் ஏற்பட்ட விபத்து என்று கோப்பை மூடினார்கள். கிருபாநிதி மதிலை மறுபடி கட்டினார்; இந்த முறை பத்தடிக்கு ஒரு தூண், இரண்டு வரிசைத் துளைகள்.

பிறகு அவள் ஸ்ரீவைகுண்டத்திலேயே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினாள். ஏன் வேலை போயிற்று என்று கேட்ட அப்பாவிடம் உள்ளதைச் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் அவளோடு முன்போலப் பேசவில்லை.

1978 வாக்கில் ஏரல் சந்தையில் பிலோமி கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள். ஹேமாம்புஜம் பார்த்தும் கிட்டே போகத் துணியாமல் நின்றாள். பிலோமிதான் கூப்பிட்டாள்.

"அப்பா இருக்காவளா?"

"போன மாசியில போயிட்டார்."

பிலோமி தலையசைத்தாள். பக்கத்தில் கிடந்த சாக்கை உதறிப் போட்டாள். வெயில் ஏறும்வரை ஹேமாம்புஜம் அதில் உட்கார்ந்திருந்தாள்.