கொட்டாவிக் கண்ணீர்

தென்காசியில் நான் படித்தபோது செய்யுள் வகுப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரும். ஆசிரியர் ராகம் போட்டுப் படிப்பார். எனக்குக் கொட்டாவி வரும். வாயைத் திறந்தால் பிரம்படி. இறுக மூடிக்கொள்வேன்; கண்ணில் நீர் முட்டும். ஒருநாள் அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"பாருங்கலே, பாட்டைக் கேட்டு உருகுதான்!"

அன்றிலிருந்து வகுப்பில் நான்தான் ரசிகன். கொட்டாவி வராத நாட்களில்கூட அழப் பழகிக்கொண்டேன். செய்யுளில் எனக்கு ஒன்றுமே தோன்றியதில்லை என்பதுதான் உண்மை.

பக்கத்தில் இருந்த நண்பனோ சிரிப்பான். நண்டு ஒன்று வளைக்குள் ஓடி ஒளியும் வரி வந்தபோது குபீரென்று சிரித்து இரண்டு அடி வாங்கினான். ஆனாலும் அவனுக்குத் தமிழ்மேல்தான் ஆசை. இறுதி வகுப்பில் சிறப்புப் பாடமாகத் தமிழா, கணக்கா என்று எழுதிக் கொடுக்கவேண்டிய வாரம், இருவரும் குற்றாலத்துக்கு நடந்தோம். நல்ல சாரல். குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது கேட்டான்.

"ஏலே, பாட்டுப் படிச்சா ஒனக்கு என்னதாம்லே செய்யுது?"

"நெஞ்சை அடைக்கும்லே. தொண்டைக்குள்ள என்னமோ உருளும்."

"எனக்குச் சிரிப்புல்லா வருது! சந்தோசமா இருக்கு."

"சிரிப்பு வந்தா ஒனக்குப் பாட்டு ஏறலைன்னு அர்த்தம்."

கொஞ்ச நேரம் துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தான். "அப்பம் கணக்கே எடுத்துக்கிடுதேன்" என்றான். நான் தமிழ் எடுத்தேன்.

ஏழெட்டு வருடம் கழித்துச் செங்கோட்டை ரயிலில், பொழுதுபோகாமல் அந்தப் பழைய செய்யுள் புத்தகத்தைப் புரட்டினேன். நண்டு ஓடியது. வாய்விட்டுச் சிரித்தேன். எதிரில் இருந்தவர் தம் மூட்டையை நகர்த்தி வைத்துக்கொண்டார். எனக்கோ உடம்பெல்லாம் குளிர்ந்தது. செய்யுள் என்பது இதுதான். இது அவனுக்குப் பதினாறு வயதிலேயே கிடைத்திருந்தது. இல்லை என்று சொன்னவன் நான்.

சொல்லிவிடவேண்டும் என்று மறுநாளே கடைத்தெருவில் அவனைத் தேடிப் பிடித்தேன். நான் வாய் திறக்குமுன் என் தோளில் கைபோட்டு, கடைக்காரரிடம் பெருமையாகச் சொன்னான்:

"அண்ணாச்சி, இவன் பாட்டைப் படிச்சா அழுதுருவான், தெரியுமா? இப்பமும் அழுதியாலே?"

கடைக்காரர் என்னை மரியாதையாகப் பார்த்தார்.

"ஆமா" என்றேன்.