ஏரிக்கரை ஏற்றத்தில் ஹாஃப் கிளட்ச்

கிளட்ச் பெடலே இல்லாத கார் என்று ஒன்று இருக்கிறது எனத் தெரிந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. துக்கத்தில் இல்லை, சந்தோஷத்தில். சின்ன வயதில் வந்த போலியோவில் என் இடது கால் சூம்பிப்போனது. நடப்பேன், மாடி ஏறுவேன், கோபம் வந்தால் அதே காலால் கதவைக்கூட உதைப்பேன். ஆனால் கிளட்ச்சை அமுக்கிப் பிடிக்க அதில் தெம்பு கிடையாது. அதனால் கார் என்பது யாரோ ஓட்ட, நான் ஓரமாக உட்கார்ந்து போகிற சாமான் என்றே முப்பது வயது தாண்டும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரகடத்தில் பிரேக் பேட் செய்கிற கம்பெனி ஒன்றில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. உட்கார்ந்தே செய்யலாம். வேலையில் ஒரு குறையும் இல்லை, போய்வருவதுதான் பெரும்பாடு. கம்பெனி பஸ்ஸின் முதல் படி என் முழங்கால் உயரம். நான் போய் நின்றதும் மேலேயிருந்து நாலு கை நீளும். "பாத்துக்கா, மெதுவாக்கா" என்பார்கள். எல்லாம் தங்கமான பிள்ளைகள். இருந்தாலும் தினமும் காலையில் ஒரு பஸ் ஜனம் வேடிக்கை பார்க்க மூட்டைபோல ஏறினால் உங்களுக்கும் பற்றிக்கொண்டு வரும்.

2013ல் அந்தக் காரை வாங்கினோம். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன ஒரு மேனேஜர் விற்றது. கண்டுபிடித்து வந்தவர் என் வீட்டுக்காரர். கோவில்பட்டிப் பக்கத்து ஆள்; எங்கள் வீட்டு மாடி ரூமுக்கு வாடகைக்கு வந்து, கடைசியில் மாப்பிள்ளையாகக் கீழே இறங்கியவர். கார் கம்பெனியில் லைன் முடிந்து வரும் புது வண்டிகளை ஓட்டிப்பார்ப்பது அவர் வேலை. ஆகவே வண்டி விஷயத்தில் அவர் சொல்வதற்கு எங்கள் தெருவே தலையாட்டும். "இதுல உள்ளுக்குள்ள ரெண்டு கிளட்ச்சு பாத்துக்க" என்றார். "ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கையில இன்னொண்ணு அடுத்த கியரப் போட்டுத் தயாரா நிக்கும். நீ மிதிக்க வேண்டிய சோலியே இல்ல." எனக்கு ஒரு கிளட்ச்சுக்கே வக்கில்லை, இந்த மகராசி இரண்டு வைத்திருக்கிறாள்! நான் பானெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்பேட்டை ரோடுகள் காலியாகக் கிடக்கும். அங்கேதான் பழகினேன். வலது கால் ஒன்றுதான். பிரேக், ஆக்ஸிலரேட்டர், அவ்வளவுதான் சமாச்சாரம். முதல் நாள் வளைவில் திருப்பியபோது எனக்கு வந்த சிரிப்பு நிற்கவேயில்லை. அவர் பயந்துபோய், "ஏட்டி, ரோட்டப் பாரு!" என்று கத்த, நான் இன்னும் சிரித்தேன். பிறகு, இப்படிப்பட்ட வண்டி மட்டும் ஓட்டலாம் என்று லைசென்ஸும் வந்தது. ஆனால் ஷிஃப்ட் நேரத்து நெரிசலில் ஓட்டத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நாள் போகட்டும் என்று அவரே என்னைக் கம்பெனியில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வண்டிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. எடுக்கும்போது வெடவெடவென்று ஒரு நடுக்கம். பிறகு டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு. சர்வீஸ் சென்டரில், "கிளட்ச் செட் தேஞ்சிருக்கலாம், கியர்பாக்ஸ இறக்கிப் பாத்தாதான் தெரியும்" என்றார்கள். அதற்கு ஆகும் செலவைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் அங்கே கிடந்த நாற்காலியில் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டார். தெருவில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். செகண்ட் ஹேண்டில் போய் யாராவது ஆட்டோமேட்டிக் வாங்குவார்களா என்று, கார் பக்கமே போகாதவர்கள்கூடக் கேட்டார்கள். கடைசியில் அவர் புரோக்கருக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத்திலிருந்து ஒருவர் பார்க்க வருவார், பிடித்தால் அன்றைக்கே கொடுத்துவிடலாம் என்று பேச்சு. நான் வீட்டில் ஒருவரோடும் பேசவில்லை. போனால் அந்தக் கார் மட்டும் போகாது. இன்னொன்று வாங்க எங்களுக்கு எந்த ஜன்மத்தில் முடியும்? மறுபடியும் அந்த பஸ் படிதான், சாகிறவரைக்கும்.

வியாழக்கிழமை காலை அவர் பக்கத்தில் உர்ரென்று உட்கார்ந்து போனேன். எங்கள் தெரு ஏரிக்கரை ஏற்றத்தில் ஏறித்தான் மெயின் ரோட்டைத் தொடும். ஷிஃப்ட் நேரத்தில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஒரு இடைவெளி கிடைக்கும்வரை ஏற்றத்திலேயே நிற்கவேண்டும். நின்றோம். வண்டி நின்றதே தவிர, முன்னும் பின்னும் லேசாக ஊஞ்சல் ஆடியது. அப்போது ஒரு வாசனை வந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் கம்பெனியில் பேடைச் சூடேறும்வரை தேய்த்து டெஸ்ட் பண்ணுவார்களே, அதே கருகல். குனிந்து அவர் காலைப் பார்த்தேன். பிரேக்கில் கால் இல்லை. ஆக்ஸிலரேட்டரை இம்மியளவு மிதித்துக்கொண்டு, வண்டி பின்னால் சரியாமல் பிடித்துவைத்திருந்தார்.

"இன்னா பண்ற நீ?" என்றேன்.

"பாத்தியாட்டி, பிரேக்கத் தொடவே இல்ல. ஹாஃப் கிளட்ச்சுல நிக்கி வண்டி" என்றார் மீசையைத் தடவி.

பெடல் இருக்கிற வண்டியில் அது வித்தைதான், ஒப்புக்கொள்கிறேன். ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல், கிளட்ச்சைப் பாதி விட்டு வண்டியை நிறுத்துகிறவன்தான் எங்கள் பக்கம் டிரைவர். பிரேக் பிடிக்கிறவனைக் கத்துக்குட்டி என்பார்கள். அந்தப் பெருமையைத்தான் இவர் இந்த வண்டியிலும் தினம் காட்டிக்கொண்டிருந்தார்.

"யோவ்! கிளட்ச்சு எங்கய்யா கீது உன் காலாண்ட? நீ ஆக்ஸிலேட்டர மெறிச்சிகினு நின்னா உள்ள கீற கிளட்ச்சுதான்யா தேயும்! நீதான்யா என் வண்டிய சாவடிக்கிற!"

"எனக்கே சொல்லித் தாறியா? ஒரு நாளைக்கு எத்தன வண்டி ஓட்டுதேன் தெரியுமா?"

"எறங்கு" என்றேன்.

பின்னால் ஒரு டெம்போ ஹாரன் அடித்துக்கொண்டேயிருக்க, நாங்கள் நடுரோட்டில் இறங்கி இடம் மாறினோம். எனக்கு நெஞ்சு அடித்த அடி டெம்போக்காரனுக்கே கேட்டிருக்கும். தட்டையான ரோட்டைத் தவிர வேறெதிலும் நான் ஓட்டியதில்லை. பிரேக்கை அழுத்தி மிதித்தேன். ஊஞ்சல் நின்றது. ஆட்டமில்லை, அசைவில்லை. பிரேக் பிடித்தால் உள்ளே இரண்டு கிளட்ச்சும் விலகி ஓய்வெடுக்கும், அவ்வளவுதான் விஷயம். பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. இடைவெளி வந்தது. பிரேக்கை விட்டேன், வண்டி சரிந்துவிடும் என்று கண்ணை மூடப்போனேன், சரியவில்லை. அதுவாக ஒரு நொடி பிடித்து நின்றது. அதற்குள் ஆக்ஸிலரேட்டரை ஒழுங்காக, மொத்தமாக ஒரு மிதி. வெண்ணெய் மாதிரி ஏறியது. ஒரு நடுக்கமும் இல்லை! நான் "ஐயோ ஐயோ" என்று கத்திக்கொண்டே மெயின் ரோட்டில் திரும்பினேன். கம்பெனி வாசல்வரை அந்தக் கத்தல் ஓயவில்லை.

வெள்ளி, சனி இரண்டு நாளும் ஷிஃப்ட் நேரத்தில் நானே ஓட்டினேன். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஒட்டிப்போகாமல், முன்வண்டி நகர்ந்து நல்ல இடம் விழுந்த பிறகு ஒரேயடியாக எடுத்தேன். மஞ்சள் விளக்கு எரியவேயில்லை. தேய்ந்தது தேய்ந்ததுதான், அதற்கு மேல் தேயவிடாமல் ஓட்டினால் இன்னும் பல வருஷம் வரும் என்று எனக்குப் பட்டது. இதையெல்லாம் அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். புரோக்கரை வரவேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் காரணம் சொல்லவேண்டுமே!

ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் அந்த வாலாஜாபாத்துக்காரரோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். வாங்க வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார், டயரைத் தட்டினார், "இன்னா சார், பேசிடலாமா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். தெருவில் பாதிப் பேர் நின்றிருந்தார்கள். இவர் தரையைப் பார்த்தார். பிறகு, "வண்டி அவளோடது. அவகிட்ட கேளுங்க" என்றார்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த மனுஷனை அப்படியே கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. "குடுக்க மாட்டேன்" என்றேன்.

"அப்போ கியர்பாக்ஸ்ல கம்ப்ளெயிண்ட்டுன்னு அண்ணன் சொன்னாரே?" என்றார் புரோக்கர்.

"கம்ப்ளெயிண்ட்டு எங்கிட்டதான்" என்று முணுமுணுத்தார் என் வீட்டுக்காரர்.

"அட! அப்போ வண்டிய வெச்சிகினு அண்ணன வித்துடலாமாக்கா?" என்றார் புரோக்கர். தெரு மொத்தமும் சிரித்தது. இவரும் சிரித்துவிட்டார்.

வந்தவர்களுக்கு வெறுங்கையோடு போகிற வருத்தம். அந்த நேரத்தில் ஷேர் ஆட்டோவும் கிடைக்காது. "ஏறுங்க, கூட்ரோட்டாண்ட வுட்டுடறேன்" என்றேன். வாய் சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஏரிக்கரை ஏற்றத்தில் நின்று, ஏறி, ஒரகடம் கூட்டு ரோட்டில் ஓரம்கட்டினேன். வாலாஜாபாத்துக்காரர் இறங்கி, ஜன்னல் பக்கம் குனிந்து, "ரொம்ப தேங்க்ஸ்மா. பாத்துப் போங்க" என்றார்.

பிறந்ததிலிருந்து என்னைக் கொண்டுபோய் விட்டவர்களிடமெல்லாம் நான் சொல்லிவந்த வார்த்தை அது. எனக்கு யாரும் சொன்னதில்லை. "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு, கண் தெளிகிறவரைக்கும் பிரேக்கில் கால் வைத்தபடி அங்கேயே நின்றேன்.