அறுபத்துநாலு கிலோபைட்டில் ரெண்டு குடித்தனம்

கொழும்புல இருந்து வந்த இன்ஜினியர் சொன்ன முதல் வார்த்தையே எனக்குப் பிடிக்கல. கம்ப்யூட்டர் பெட்டியோட மூடியைக் கழட்டிப் பார்த்தாரு, திரும்ப மூடினாரு, கைக்குட்டையில விரலைத் துடைச்சுக்கிட்டாரு. "இந்த மெமரியில ரெண்டு பேருக்கு இடமில்ல"ன்னாரு. இடமில்லன்னு யாராவது சொன்னா எனக்கு அன்னைக்கும் ஆகாது, இன்னைக்கும் ஆகாது. மூக்கு மேல கோபம் வந்துரும்.

எண்பதுகளோட நடுப்பகுதி அது. இலங்கை மலைநாட்டுல, அட்டன் டவுன்ல ஒரு மிஷன் நடத்துன சின்னப் பயிற்சிக் கூடத்துல நான் டீச்சர். டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து சொல்லிக் குடுக்குற இடம். வெளிநாட்டுல இருந்து யாரோ புண்ணியவான் ரெண்டு பெட்டியில ரெண்டு கம்ப்யூட்டர் அனுப்பி வச்சிருந்தாரு. உயர்தரத்துல கணக்குப் படிச்சவ நான் ஒருத்திதான் அங்க இருந்தேன். அதனால என்னைக் கொழும்புக்கு அனுப்பி ஆறு மாசம் படிக்க வச்சு, திரும்ப அட்டனுக்கே வரவழைச்சாங்க. முதல் பெட்டி நல்லபடியா ஓடுச்சு. ரெண்டாவது துறைமுகத்துல கடல் தண்ணியும் மழையும் பட்டு நனைஞ்சு, கரண்ட் குடுத்த உடனேயே புகைஞ்சு போச்சு.

அந்த இன்ஜினியரை அனுப்பினது மிஷனோட கொழும்புத் தலைமையகம். மெஷின் ரெண்டும் அவங்க பேர்ல இருந்துச்சு. புகைஞ்சதைக் காலால லேசா தள்ளிப் பார்த்துட்டு, "இதைக் குப்பையில போடுங்க, சிஸ்டர்"ன்னாரு. எங்க பொறுப்பாளர் சிஸ்டர் டிக்கோயாப் பக்கத்து ஆளு, தலைமையகம்னாலே கொஞ்சம் பயம். தலையை ஆட்டினாங்க. அப்புறம் நல்ல மெஷினைப் பத்திப் பேச்சு வந்துச்சு. என்கிட்ட நாலு பிள்ளைகள் படிச்சாங்க, எல்லாம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். ஒருத்தர் டைப் அடிக்க மத்த மூணு பேரும் வாயைப் பார்த்துக்கிட்டு நிப்பாங்க. இதெல்லாம் ஒரு வகுப்பான்னு கேட்டாரு. மூணு மாசம் கழிச்சு வருவேன், ஒரே நேரத்துல ரெண்டு பேர் வேலை செய்ய முடியலைன்னா மெஷினைக் கொழும்புக்கு எடுத்துக்கிட்டுப் போயிருவேன்னு சொன்னாரு. போற போக்குல, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டைப்ரைட்டரே போதுமேன்னு வேற ஒரு வார்த்தையை விட்டுட்டுப் போனாரு.

மெஷின் போனா வகுப்பு போச்சு, வகுப்பு போனா என் வேலையும் போச்சு. அதைவிட அந்த நாலு பேர். அதுல ஒருத்தி டயகமப் பக்கத்துல இருந்து விடிய முன்னாடி பஸ் ஏறி வருவா. அவ அம்மா அந்தப் பஸ் காசுக்காக என்னென்ன விட்டுக் குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகிட்டப் போய் உனக்கு இடமில்லன்னு சொல்லவா? என் வாயில அது வராது.

சரி, மெமரின்னா என்ன சங்கதின்னு சொல்லிடுறேன். புரோகிராம் ஓடணும்னா அது மெஷினோட ஞாபகத்துக்குள்ள வந்து உட்காரணும். எங்க மெஷின்ல மொத்தம் அறுபத்துநாலு கிலோபைட். இன்னைக்கு உங்க கைப்போன்ல இருக்குற ஒரு படம்கூட அதுல அடங்காது. கடிதம் அடிக்கிற புரோகிராம் ஒண்ணு வந்து உட்கார்ந்தாலே முக்கால்வாசி நிறைஞ்சிரும். மெஷினோட வந்த சிஸ்டத்துக்கு உலகத்துல ரெண்டாவது ஆளு ஒருத்தர் இருக்காருங்குற நினைப்பே கிடையாது. அதைத் தூக்கிப் போட்டுட்டு, அடியில உட்கார்ந்து யாருக்கு எந்த இடம், எப்ப யாரோட முறைன்னு பார்க்குற புரோகிராமை நானே எழுதணும். அதுக்குப் பேரு கெர்னல். தோட்டத்துல காலையில ஆளுகளைக் கூட்டிப் பேர் பதியுற பெரட்டுக் களத்துல நின்னு, யார் எந்த மலைக்குன்னு பிரிச்சு விடுற மேற்பார்வைக்காரரு, கண்டாக்கு, அவரோட வேலைதான் அது.

நெரிசல்ல இடம் பண்றதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. நான் பிறந்தது டயகமப் பக்கத்துல ஒரு லயத்துக் காம்பராவுல, தோட்டத்துல வரிசையா ஒட்டிக் கட்டின ஒத்தை அறை வீடு. அந்த ஒரு அறையில எங்க குடும்பமும் சித்தப்பா குடும்பமும் சேர்ந்து இருந்தோம். அப்பாவுக்கு பெக்டரியில ராத்திரி வேலை. அவரு எழும்பிப் போன இடத்துல சித்தப்பா பிள்ளைகள் படுப்பாங்க. காலையில அவங்க எழும்பின இடத்துல அப்பா படுப்பாரு. அவரவருக்குன்னு மூலை கிடையாது, பாய் எங்க காலியோ அங்க சாய வேண்டியதுதான். கெர்னலையும் நான் அப்படித்தான் எழுதினேன். ஒரு பிள்ளை யோசிச்சுக்கிட்டு கையை நிறுத்தினா அவ புரோகிராமைச் சுருட்டி டிஸ்க்ல போடு, அந்த இடத்துல மத்தவளோடதைக் கொண்டு வந்து உட்கார வை. முதல் ஆளு திரும்ப வந்தா எந்த மூலை காலியோ அங்க தள்ளு. படுத்துக்குவா.

எங்க படுத்தா? புகைஞ்சு போன மெஷினோட திரையும் கீபோர்டும் நல்லா இருந்துச்சு. அதுகளை ரெண்டாவது ஆளுக்குன்னு நல்ல மெஷின்ல இணைச்சு, டயகமப் பிள்ளையை ஒண்ணுலயும் இன்னொருத்தியை அடுத்ததுலயும் உட்கார வச்சேன். ஒருத்திக்கு வங்கி மேனேஜருக்குக் கடிதம், மத்தவளுக்குக் காய்ச்சல்னு லீவு கேட்டுக் கடிதம். கொஞ்ச நேரம் டிஸ்க் கரகரன்னு அரைச்சுது. அப்புறம் பார்த்தா டயகமப் பிள்ளையோட திரையில வங்கி மேனேஜருக்குக் காய்ச்சல் வந்திருச்சு. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அடுத்த நிமிஷம் ரெண்டு திரையும் செத்துப் போச்சு. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் அதே கூத்துதான். தலைகீழா நின்னு பார்த்தும் காரணம் பிடிபடல.

ஒரு நாள் சாயங்காலம் மழைக்கு நடுவுல பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு இருந்தப்ப, எங்க அம்மா திரும்ப வாங்கிக் குடுத்த காம்பரா ஞாபகத்துக்கு வந்துச்சு. எழுபதுகள்ல தோட்டத்துல சாப்பாட்டுக்கே வழியில்லாம பட்டினி கிடந்த காலத்துல, நாங்களும் சித்தப்பா குடும்பமும் வேலை தேடி வவுனியாப் பக்கம் போனோம். அங்கயும் ஒண்ணும் சரிவரல. சில மாசத்துல திரும்பி வந்தா எங்க காம்பராவுல உர மூட்டையை அடுக்கி வச்சிருந்தாங்க. கீழ் லயத்துல யாரோடயாவது ஒண்டிக்கங்கன்னு கண்டாக்கு சொல்லிட்டாரு. அப்பா எங்க துணி மூட்டையைத் தோள்ல ஏத்திட்டாரு. எங்க இடம் இருக்கோ அங்க இருந்துக்கலாம்னாரு, பாவம், அவருக்கு அதுதான் பழக்கம். அம்மா நகரல. சோத்துப் பானையை மடியில வச்சுக்கிட்டு எங்க காம்பரா வாசல்லயே, இஸ்தோப்புத் திண்ணையில உட்கார்ந்துட்டாங்க. முழு லயமும் வேடிக்கை பார்த்துச்சு. கண்டாக்கு வந்து, ஒரு அடுப்பு எங்க இருந்தா என்னன்னு கேட்டாரு. அதுக்கு அம்மா சொன்னது எனக்கு இன்னும் காதுல கேக்குது.

"இருட்டுல கைய நீட்டுனா உப்பு எங்க இருக்குன்னு என் கைக்குத் தெரியும்ங்க. வேற எடத்துல என் கை எதைப் புடிக்கும்?"

அன்னைக்கே உர மூட்டையெல்லாம் வெளிய போச்சு. அம்மா நகரமாட்டாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சு, வேற வழியில்ல.

பஸ் வந்ததைக்கூட நான் கவனிக்கல. அட என் மண்டையே, புரோகிராமும் அம்மா மாதிரிதான்! எழுதும்போதே அதுக்குள்ள இந்தப் பொருள் இந்த இடத்துலன்னு பதிஞ்சு போயிருக்கு. அதைக் கொண்டு போய் வேற மூலையில படுக்க வச்சா, உப்புக்குக் கையை நீட்டி அடுத்த வீட்டு மிளகாய்ல போடும். வங்கி மேனேஜருக்குக் காய்ச்சல் வராம என்ன செய்யும்? லயத்துல வளர்ந்தவ நானு, திரும்பி வந்தவங்க எங்கயாவது சாஞ்சுக்குவாங்கன்னே நினைச்சுட்டேன். அப்படி நினைக்க எங்களைப் பழக்கி வச்சிருந்தாங்க. போனவங்க திரும்பி வந்தா அவங்க இடத்தை அவங்களுக்குக் குடுக்கணும். அம்மாவுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாம போச்சேன்னு என்மேலயே எனக்கு எரிச்சல்.

ஆனா இன்னொரு சிக்கல் இருந்துச்சு. ரெண்டு பேருமே ஒரே புரோகிராமைத்தான் ஓட்டுறாங்க, ரெண்டுக்கும் ஒரே இடம்தான் வேணும். ஒவ்வொரு தடவையும் ஒருத்தியை டிஸ்க்குக்கு அனுப்பி மத்தவளைக் கூப்பிட்டா ஆமை வேகம்தான்; ஒரு காம்பராவை ரெண்டு குடும்பத்துக்கும் முழுசாக் குடுக்க புரோகிராம் எழுதி மட்டும் முடியாது. இன்னொரு காம்பரா வேணும், அதே அளவுல, அதே இடத்துல அடுப்போட. அப்பதான் திரையைக் கழட்டிட்டு சாமான் அறையில போட்டிருந்த ரெண்டாவது பெட்டி கண்ணுக்குப் பட்டுச்சு. சிஸ்டருக்குப் பொருளை வீசி எறிய மனசு வராது, அதனால அது தப்பிச்சுக் கிடந்துச்சு. அதோட மெமரி கார்டை உருவி, பல்லு விளக்குற பிரஷ்ல ஸ்பிரிட் தொட்டு உப்புக் கறையைத் தேய்ச்சு எடுத்தேன். அட்டன்ல வெயில் என்னைக்கு அடிச்சுது? அடுப்பங்கரையில கயிறு கட்டித் தொங்கவிட்டுக் காய வச்சேன். கருவாடான்னு சமையல் அக்கா கேட்டாங்க.

கார்டை நல்ல மெஷின்ல செருகினேன். அதுல இருந்த சின்னச் சின்ன சுவிட்சுகளை மாத்தினா, கெர்னல் கூப்பிட்டா மட்டும்தான் அது முழிக்கும். ஒரு கார்டு முழிச்சிருந்தா மத்தது தூங்கும். ரெண்டு புரோகிராமும் தன்னோட இடத்துலதான் தான் இருக்கோம்னு நினைச்சுக்கும், ஒண்ணுக்கு ஒண்ணு தெரியாது. முதல் தடவை மாத்தினப்ப கெர்னலும் அந்தக் கார்டுக்குள்ளயே உட்கார்ந்திருந்துச்சு. கார்டு தூங்கின உடனே கெர்னலும் போச்சு, நான் நின்ன தரையை நானே உருவிட்டேன். அப்புறம் மேல் ஓரத்துல கொஞ்ச இடத்தை ரெண்டு பேருக்கும் பொதுவா ஒதுக்கி, கெர்னலை அங்க குடி வச்சேன். பெரட்டுக் களம் ஒரு லயத்துக்கு மட்டும் சொந்தமா என்ன?

அதுக்கப்புறம் டிஸ்க் அரைக்கல. ரெண்டு பேரும் தடதடன்னு அடிச்சாங்க. பாதியில டயகமப் பிள்ளை, என் திரை நிக்கவே இல்லியே, மத்தவ நிறுத்திட்டாளா டீச்சர்னு மெதுவாக் கேட்டா. நிறுத்தலடி, உன் பக்கத்துலயே அடிச்சுக்கிட்டு இருக்கான்னு சொன்னேன்.

சொன்ன மாதிரியே இன்ஜினியர் வந்தாரு. வேனோட வந்தாரு, தூக்குறதுக்கு ரெண்டு ஆளுகளும் கயிறும் வேற. எங்களைப் பத்தின முடிவைக் கொழும்புலயே எடுத்து வச்சுக்கிட்டுத்தான் வந்திருக்காரு. ஒரு திரையில அவரே உட்கார்ந்து அடிச்சாரு, பக்கத்துல டயகமப் பிள்ளை அடிச்சா. அவரு வேகமா அடிச்சுப் பார்த்தாரு, நிறுத்திப் பார்த்தாரு, வேணும்னே தப்பான சாவியை அமுக்கிப் பார்த்தாரு. ஒண்ணும் ஆகல. ரொம்ப நல்லா இருக்குன்னு மனசாரச் சொன்னாரு, அதை மறைக்கக் கூடாது. பிள்ளைகள் முகமெல்லாம் சிரிப்பு.

அப்புறம் அந்த ஆளுகளைப் பார்த்து, தூக்குங்கன்னாரு. இவ்வளவு நல்லா ஓடுதுன்னா கொழும்புல இன்னும் நிறையப் பேருக்குப் பயன்படுமாம்.

கேட்டீங்களா நியாயத்தை? ஓடலைன்னாலும் எடுத்துக்கிட்டுப் போவாங்க, ஓடினாலும் எடுத்துக்கிட்டுப் போவாங்க. டயகமப் பிள்ளை கையை மடியில எடுத்து வச்சுக்கிட்டா. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு. சுவிட்சை அணைச்சு, மூடியைக் கழட்டி, என் கார்டை உருவி எடுத்தேன். அதை மடியில வச்சுக்கிட்டு வகுப்பு வாசல்படியில போய் உட்கார்ந்தேன். அப்படி உட்காரணும்னு நான் யோசிக்கல, கால் தானா போச்சு.

"மெஷின் உங்களுது சேர், தாராளமா கொண்டு போங்க. இது நீங்க குப்பையில போடச் சொன்னது. எடுத்துக் காய வச்சது நான்"னேன்.

அவரு சிஸ்டரைப் பார்த்தாரு. சிஸ்டர் ஜெபமாலையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. ஆனா, ஆமாங்க சேர், குப்பைன்னு நீங்க சொன்னதை என் காதால கேட்டேன்னு சொல்லிட்டாங்க. அந்தப் பயந்த மனுஷி! இன்னைக்கும் அவங்களை நினைச்சா கையெடுத்துக் கும்பிடத் தோணுது.

கார்டு இல்லாம மெஷின் ஓடாதான்னு அவரு கேட்டாரு.

"ஒருத்தருக்கு நல்லா ஓடும் சேர். ரெண்டு பேருக்கு இடமில்ல."

அவருக்கு முகம் சிவந்துச்சு. தூக்க வந்த ஆளுகள்ல ஒருத்தன் சிரிப்பை அடக்க வெளிய திரும்பிக்கிட்டான். இன்ஜினியர் மழையைப் பார்த்துக்கிட்டே, மெஷின் இங்கயே பாவனையில, அதாவது வேலையில, இருக்குன்னு தலைமையகத்துல சொல்லிடுறேன்னாரு. நான் எழும்பி வழி விட்டேன். வேன் வெறுமனே மலையிறங்கிப் போச்சு. என்னைத் திமிர் பிடிச்சவள்னு கொழும்புல சொல்லியிருப்பாரு. சொல்லட்டும்.

மறுநாள் காலையில கார்டைச் செருகி வச்சேன். நாலு பேரும் வந்து, திரைக்கு ரெண்டு பேரா, அவங்கவங்க இடத்துல உட்கார்ந்தாங்க. டயகமப் பிள்ளை பக்கத்துல இருந்தவகிட்டப் பேசிக்கிட்டே, பார்க்காம, திரைக்குப் பின்னாடி கையை நீட்டினா. சுவிட்ச் அதே இடத்துல இருந்துச்சு.