பகலில் ஓடாத ஃபேன்

மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்தது ஆறு போர்ஷன் கொண்ட வரிசை வீடு. எனக்குப் பக்கத்துப் போர்ஷன் சென்னம்மா. ஒரே அறை, ஒரே கதவு, ஜன்னல் என்ற பேச்சே இல்லை. அதற்குள் மரத்தூள் அடுப்பை வைத்துக்கொண்டு, கம்பெனிப் பையன்கள் பத்துப் பேருக்கு மத்தியானச் சாப்பாடு ஆக்கி கேரியரில் அனுப்புவாள். புருஷன் கங்கப்பனுக்கு ஃபேக்டரியில் மாதத்தில் பாதி நாள்தான் வேலை. அடுப்பு எரிந்தால்தான் வீட்டில் சோறு. அதே அடுப்புதான் அவளுக்கு மூச்சிரைப்பைக் கொண்டுவந்தது. புகையில் இருந்தால் பிழைக்கமாட்டாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

1987-ல் கங்கப்பன் பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை வாங்கி வந்தான். பின்சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் நாராயணப்பன் சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமை இருட்டுகிற நேரத்தில் மாட்டி ஓடவிட்டார்கள். புகை மொத்தமும் வெளியே போனது. சென்னம்மா சந்தோஷத்தில் அழுதாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நாராயணப்பன் வழக்கம்போல மெயினை அணைத்தார். எங்களுக்கெல்லாம் கரண்ட் சாயங்காலம் ஆறு முதல் காலை ஆறு வரைதான். மெயின் அவர் வீட்டுக்குள் இருந்தது. சுவரை உடைக்க விட்டவர் சுவிட்சைப் போடமாட்டாரா என்று நம்பிவிட்டார்கள், பைத்தியக்காரர்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் அவரே, பூசாரியும் அவரே.

"அக்கா, நீயும் கூட வந்து ஒரு வார்த்த சொல்லேன்" என்று சென்னம்மா என்னைக் கூப்பிட்டாள்.

எனக்குத் தலைவலி என்றேன். எனக்கும் குடியிருக்க வீடு வேண்டுமே! அவள் தனியாகப் போனாள். பேசியது என் வாசல்வரை கேட்டது.

"சமைக்கற ரெண்டு மணி நேரம் மட்டும் உடுங்கண்ணா. விடியறதுக்கு முன்னாடி ஆக்கி வெச்சா மத்தியானத்துக்குள்ள கொழம்பு ஊசிப் போவுது."

"உனுக்கு உட்டா நாளைக்கு ஆறு போர்ஷனும் கேக்கும். புடிக்கலன்னா காலி பண்ணிக்கம்மா."

எங்கே போவாள்? பத்துப் பேருக்குச் சமைக்கிறவளுக்கு யார் வீடு கொடுப்பார்கள்?

ஆடி பிறந்ததும் இன்னும் மோசமானது. நின்றுகிடந்த ஃபேன் வழியாகக் காற்று உள்ளே அடித்து, புகையை அவள் முகத்திலேயே தள்ளியது. ஒரு வாரம் பொறுத்தவள், பழைய சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஸ்டூல கொஞ்சம் புடிச்சிக்கக்கா. அடைச்சிடறேன்."

ஏறி நின்று, இருமி இருமி, சாக்கை ஓட்டைக்குள் திணித்தாள். அறை பழையபடி இருண்டது. நான் ஸ்டூலை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவளுக்காக நான் செய்தது அது ஒன்றுதான்.