மூன்றாவது வரிசையில் கிடந்த பரிவட்டம்

வேனின் மூன்றாவது வரிசை இருக்கையில் அந்தச் சிவப்புத் துணி கிடந்தது. பாதி குடித்த தண்ணீர்ப் போத்தலுக்கும் கொசுக் களிம்புக்கும் நடுவில், மூக்கைச் சிந்திப் போட்ட கைக்குட்டை மாதிரி சுருண்டு கிடந்தது. கோல சிலாங்கூர் பக்கத்து ஆற்றங்கரைக் கிராமமான கம்போங் குவாந்தானில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பயணிகள் மின்மினி பார்க்கப் படகேறிப் போயிருந்தார்கள். வேனைக் கூட்டிக்கொண்டிருந்த டிரைவர் அண்ணன் துணியைப் பார்த்ததும் விளக்குமாற்றைக் கீழே போட்டார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அதை எடுத்தார். உதறவில்லை. மடிப்பு மடிப்பாக நீவி, கண்ணில் ஒற்றி, டாஷ்போர்டில் இருந்த பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தார். "மறந்துட்டுப் போயிட்டாரும்மா," என்றார். மறக்கவில்லை அண்ணே, கழற்றி எறிந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அது பரிவட்டம். அன்று காலை ஒரு மாரியம்மன் கோயிலில், மேளம் முழங்க, முதல் மரியாதையாக ஒருவன் தலையில் கட்டிய துணி. திருவிழா நாளில்கூட ஒருவருக்குத்தான் அது கிடைக்கும். ஐம்பது வருடத்துக்கு மேல் அந்தக் கோயிலுக்குத் தண்ணீர் சுமந்த அண்ணனின் தலைக்கு அது ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. அவரும் ஆசைப்பட்டதில்லை.

நான் ரவாங்கில் ஒரு சிறிய சுற்றுலா நிறுவனத்தில் வழிகாட்டி. மலை, மழைக்காடு, கடற்கரை என்று மூன்று நாளில் மூன்றையும் காட்டிவிடுவோம். முதல் நாள் பிரேசர் மலைக்குப் போய்ப் பனியில் நின்று தேநீர் குடிப்பார்கள். மறுநாள் காட்டுக்குள் நடந்து அட்டைக் கடி வாங்கிக்கொண்டு அருவியில் குளிப்பார்கள். மூன்றாம் நாள் கோல சிலாங்கூர். குரங்கு, கடல் மீன், மின்மினி. காட்டுக்கும் கடலுக்கும் நடுவே பத்தாங் பெர்ஜுந்தை வழியாகச் செம்பனைத் தோட்டங்கள் வரும். எங்கள் பயணத் திட்டத்தில் அந்த இடத்துக்கு 'வாகனப் பயணம்' என்று மட்டும் போட்டிருக்கும். பயணிகள் தூங்குகிற நேரம் அது. டிரைவர் அண்ணன் பிறந்து வளர்ந்த தோட்டம் ஒவ்வொரு முறையும் அவர்களுடைய தூக்கத்தில்தான் கடந்துபோகும்.

தோட்டம் என்று சொல்கிறேனே தவிர, அங்கே ஒன்றும் இல்லை. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்து வெகுகாலம் ஆகிவிட்டது. சனங்கள் ரவாங்குக்கும் கிள்ளானுக்கும் வேலை தேடிச் சிதறிப் போனார்கள். சாலையோரத்தில் அரச மரத்தடியில் மாரியம்மன் கோயில் மட்டும் நின்றது. அதைத் தாண்டும்போது அண்ணன் ஹாரனை லேசாக ஒரு தட்டு தட்டுவார். வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு எல்லாரும் அங்கே வந்து கூடுவார்கள். "எங்க ஊருன்னு கைகாட்ட அது ஒன்னுதாம்மா மிச்சம்," என்பார். அந்த ஒன்றுக்கும் கேடு வந்திருந்தது. வீடு கட்டி விற்கும் நிறுவனம் ஒன்று நிலத்தை வாங்கி, காலி செய்யச் சொல்லிக் கோயில் சுவரிலேயே அறிவிப்பு ஒட்டியிருந்தது. கோயில் நிர்வாகத்தில் இருந்த இளைஞர்கள் வழக்கறிஞரைப் பார்க்கலாம் என்று துடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அவன் வந்து சேர்ந்தான். அண்ணன் முன்னால் 'அவர்' என்றுதான் சொல்வேன். இங்கே எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நாற்பது வயது வெள்ளைக்காரன், நல்ல சிரிப்பு, எதற்கும் நன்றி சொல்கிற வாய். பிரேசர் மலையில் தேநீர் குடிக்கும்போது, தன் தாத்தா இந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் மேனேஜராக இருந்தவர் என்று சொல்லிக் கைப்பேசியில் பழைய படம் ஒன்றைக் காட்டினான். பங்களா, கார், ஒரு நாய், கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி கறுத்த ஆள் ஒருவர். நாயின் பெயர் என்னவென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தோட்டத்தின் பெயரைச் சொன்னான். பக்கத்தில் நின்ற அண்ணன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "பெரிய துரை பேரனா!" என்றவர், கூப்பிய கையைப் பிரிக்கவே இல்லை.

அன்று சாயங்காலமே கோயில் தலைவருக்குப் போன் போட்டுவிட்டார். அந்த இடத்தில் கோயில் கட்டிக்கொள்ள அனுமதி கொடுத்தது அந்தத் தாத்தா துரைதான். அவர் பேரன் ஒரு வார்த்தை சொன்னால் நிலத்தை வாங்கியவர்கள் யோசிக்க மாட்டார்களா? இதுதான் அண்ணனின் கணக்கு. வெள்ளைக்காரன் போய் அறுபது வருடமாகப் போகிறது, இப்போது இவன் பேச்சை எவன் கேட்பான் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "ஒனக்குத் தெரியாதும்மா," என்றார். "துரை வாயத் தொறந்தா லயத்துல தண்ணி வரும். வாய மூடுனா நின்னுரும். நான் சின்னப் பிள்ளையில பாத்துருக்கேன்."

மூன்றாம் நாள் காலை வேன் அரச மரத்தடியில் நின்றது. வேலைநாள் என்றும் பாராமல் பழைய தோட்டத்துச் சனங்கள் ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். உறுமி மேளம் அடித்தார்கள். பெண்கள் ஆலாத்தி எடுத்தார்கள். அவன் கண்ணை அகலத் திறந்துகொண்டு இறங்கினான். கோயில் தலைவர் அவனுக்கு ஆள் உயர மாலையைப் போட்டு, தலையில் பரிவட்டம் கட்டினார். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மொழிபெயர்க்க வேண்டியவள் நான்தானே. தலைவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். நிலம் கைமாறிவிட்டது, கோயிலை இடிக்கப்போகிறார்கள், உங்கள் தாத்தா கொடுத்த இடம் இது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவன் நெஞ்சில் கைவைத்தான். கட்டாயம் யாரிடமாவது பேசுகிறேன், கவலைப்படாதீர்கள் என்றான். நான் அதைத் தமிழில் சொன்னபோது ஒரு முதிய பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "துரை வாக்கு குடுத்துட்டாரு," என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

வேன் சாலைக்கு ஏறியதும் அவன் என் பக்கம் குனிந்து கேட்டான்: எல்லாக் குழுவுக்கும் இப்படிச் செய்வீர்களா? பயணத் திட்டத்தில் போட்டிருக்கவில்லையே? இல்லை, அவர்கள் உங்களிடம் உதவி கேட்கிறார்கள் என்று மறுபடியும் விளக்கினேன். ஆமாம் ஆமாம், மனத்தைத் தொட்டுவிட்டது என்றான். கெட்டவன் இல்லை அவன். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன்.

கோல சிலாங்கூரின் புக்கிட் மெலாவாத்திக் குன்றில் குரங்குகள் ஆள் பயமில்லாமல் தோளில் ஏறும். அவன் கழுத்து மாலையிலிருந்து பூவைப் பிய்த்து ஒவ்வொன்றாக அவற்றுக்குக் கொடுத்தான். கூட வந்திருந்த அவன் மனைவி படம் எடுத்தாள். குரங்கு கையில் பூமாலை என்று நம் ஆட்கள் சொல்லிவைத்ததை அன்று கண்ணால் பார்த்தேன். குரங்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை; கொடுத்த கையைப் பற்றித்தான் யாரும் பழமொழி சொல்லிவைக்கவில்லை. அண்ணன் வேன் கதவில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "பாவம், அவருக்குத் தெரியாது லா," என்றார் அண்ணன். அன்று மாலைதான் அந்தப் பரிவட்டம் இருக்கையில் கிடந்தது.

அதற்குப் பிறகு அண்ணன் காத்திருந்தார். வழக்கறிஞர் பேச்சை எடுத்த இளைஞர்களைப் பெரியவர்கள் அடக்கிவிட்டார்கள். துரை வீட்டு ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது நாம் குறுக்கே போய் வழக்குப் போடுவது மரியாதையா என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களில் அண்ணனும் ஒருவர். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியதுகூடப் பரவாயில்லை, நீந்தத் தெரிந்த பிள்ளைகளின் காலையும் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பயணத்தின் தொடக்கத்திலும் அண்ணன் கேட்பார், "துரைகிட்டேருந்து சேதி ஏதும் வந்துச்சாம்மா?"

சேதி வந்தது. எங்கள் பாஸ் அலுவலகத்தில் அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவன் இணையத்தில் எழுதியிருந்த மதிப்புரையைக் கைப்பேசியிலிருந்து சத்தமாக வாசித்தார். பாஸும் நம் ஆள்தான்; தமிழில்தான் பேசுவார், ஆனால் மனசு எப்போதும் அடுத்த முன்பதிவில் இருக்கும். மலைக் குளிர் அருமை, காடு அருமை, வழிகாட்டிப் பெண் நல்லவள், எல்லாவற்றுக்கும் மேலாக நிறுவனம் ஏற்பாடு செய்திருந்த கோயில் வரவேற்பு, என்னை அரசன்போல் உணரவைத்தது. "ஜாக்பாட் லா அண்ணே! உங்க கோயிலப் பத்தி எழுதிருக்கான்!" அண்ணன் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "கோயில இடிக்கப் போறதப் பத்தி என்ன எழுதிருக்காரு பாஸ்?"

பாஸ் கட்டைவிரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "அதெல்லாம் எழுத மாட்டாங்கண்ணே. அஞ்சு ஸ்டார் குடுத்துருக்கான், அதப் பாருங்க. இனிமே எல்லா டிரிப்லயும் இத வெச்சிருவோம். தலைவர்கிட்ட நீங்களே பேசிருங்க. சாமிக்கு எண்ணெய்ச் செலவு நம்ம பாத்துக்கலாம்."

அண்ணன் எழுந்து நின்றார். "அது மொத மரியாதை பாஸ். வர்றவன் போறவனுக்கெல்லாம் மாட்டிவிட அது தொப்பி இல்ல," என்றார். அவர் பாஸிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். ஆனால் வெளியே வந்து வேனில் ஏறியதும் பழையபடி ஆகிவிட்டார். "ஊருக்குப் போனதும் வேல இருந்துருக்கும். பேசாமலா இருப்பாரு?" நான் வெடித்துவிட்டேன். "அண்ணே, அவன் ஒரு டூரிஸ்ட்! துரையுமில்ல, தெய்வமுமில்ல!" அவர் சாவியைத் திருப்பி வண்டியை எடுத்தார்.

ஒரு காலைப்பொழுதில் இயந்திரம் வந்தது. நானும் அண்ணனும் போய்ச் சேர்ந்தபோது கோயிலின் முன்பக்கம் தரைமட்டமாகியிருந்தது. அம்மனை முன்கூட்டியே தூக்கி வெளியே வைத்திருந்தார்கள்; அரச மர நிழலில், மேலே ஒரு குடையைப் பிடித்தபடி தலைவர் உட்கார்ந்திருந்தார். அண்ணன் இயந்திரம் ஓட்டுகிறவனிடம் போய், தட்டுத் தடுமாறும் மலாய் மொழியில், துரை வாக்குக் கொடுத்திருக்கிறார், கொஞ்சம் பொறு என்றார். அந்த அந்நியத் தொழிலாளி ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தான். என் வாழ்நாளில் நான் அவ்வளவு கோபப்பட்டதில்லை. இடித்தவர்கள் மேல் பாதி, அந்த வாக்கியத்தின் மேல் பாதி. துரை போய்விட்டார், பங்களா போய்விட்டது, லயம் போய்விட்டது. அந்தக் கும்பிடு மட்டும் எப்படி இத்தனை காலம் உயிரோடு இருந்தது?

அங்கேயே படம் எடுத்து அந்த வெள்ளைக்காரனுக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. வேன் நிறுத்துமிடத்தில் வைத்து அண்ணனுக்கு அதை ஒரு சொல்கூட மென்மையாக்காமல் தமிழில் வாசித்தேன்: "கேட்க வருத்தமாக இருக்கிறது. நல்ல வேளை, இடிப்பதற்கு முன்பே நான் அதைப் பார்த்துவிட்டேன்." கடைசியில் கைகூப்பும் படம் ஒன்று. அண்ணன் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். டாஷ்போர்டிலிருந்து பரிவட்டத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வேன் சாவியை என் கையில் கொடுத்தார். இப்போது அவர் ரவாங்கில் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறார்.

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. வேன் அந்த வழியாகப் போகும்போது பயணிகள் இன்னும் தூங்குகிறார்கள். புதிய டிரைவர் ஹாரன் அடிப்பதில்லை.

அம்மனுக்கு வேறு இடம் கொடுத்தார்கள். கழிவுநீர்க் குளத்துக்குப் பக்கத்தில், கம்பி வேலியை ஒட்டி, தகரக் கூரை போட்ட கொட்டகை. சென்ற மாதம் அங்கே திருவிழா. சிறப்பு விருந்தினர் யார் என்று பார்த்தால், நிலத்தை வாங்கிய நிறுவனத்தின் அதிகாரி. தகரம் அவர்கள் நன்கொடையாம். முழுக்கைச் சட்டையில் வந்திருந்தார். உறுமி மேளம் முழங்கியது. பெண்கள் ஆலாத்தி எடுத்தார்கள். பழக்கம் விடுமா? கோயில் தலைவர் தட்டிலிருந்து புதிய சிவப்புத் துணியை எடுத்து விரித்தார். அதிகாரி, கட்டுவதற்கு வசதியாக, தலையைக் குனிந்து கொடுத்தார்.

பின்னால் தண்ணீர் வாளியோடு நின்ற அண்ணன் வாளியைக் கீழே வைத்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். சட்டைப்பையிலிருந்து அந்தப் பழைய பரிவட்டத்தை எடுத்தார். மடிப்பு கலையாமல் இருந்தது. அம்மனுக்கு முன்னால் நட்டிருந்த சூலத்தில் அதைச் சுற்றி இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார். மேளம் தானாக நின்றுவிட்டது.

"மொத மரியாதை முடிஞ்சிருச்சு," என்றார் தலைவரைப் பார்த்து. "பூசையப் பாருங்க."

தலைவர் கையிலிருந்த துணியைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார், துணியை மடித்துத் தட்டிலேயே வைத்தார். பூசாரி மணியை ஆட்டினார். என்ன நடந்தது என்று தெரியாத அந்த அதிகாரி, இப்போது கட்டுவார்கள் இப்போது கட்டுவார்கள் என்று, தலையைக் குனிந்தபடியே நின்றுகொண்டிருந்தார்.