சிப்ளாக் கட்டையும் அழுக்கு எடுக்கும் பட்டனும்

பழைய கிராமபோன் ரெக்கார்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி சி.டி. போட்டுக் கொடுக்கும் தொழிலில் அவசரம் செல்லாது. இருபது நிமிஷம் பாடுவது ஏற இருபது நிமிஷம் ஆகும். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆறேழு வருஷம் பெங்களூர் விவேக் நகரில் அப்படி ஒரு கடை வைத்திருந்தேன். ரெக்கார்டைச் சுற்ற விடும் ஒரு டர்ன்டேபிள், ஒரு கம்ப்யூட்டர், மாமனார் வீட்டிலிருந்து வந்த ஒரு மேஜை, அவ்வளவுதான் சொத்து. கடை வைத்து வாடிக்கையாளர் வாயில் விழுந்து எழுந்தவர்கள் யாரானாலும் என்னைப் புரிந்துகொள்வார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நடுவில் எனக்கு என்ன வேலை

கடை திறந்த புதிதில், ஊசி வைத்ததிலிருந்து அது எழும் வரை ஹெட்போனை மாட்டிக்கொண்டு நானும் கூடவே கேட்பேன். ஒருநாள் கோரமங்கலாவில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் சேலத்துக்காரர் ஒருவர், அப்பாவின் ரெக்கார்டுகள் பத்தைக் கொண்டுவந்தார். நாலு நாளாகும் என்றேன். ஏன் என்று கேட்டார். எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்க வேண்டுமே என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. உண்மையிலேயே என் மேல் இரக்கப்பட்டுத்தான் பேசினார். அது நியாயமாகப் பட்டதால், மறுநாளிலிருந்து ஊசியை வைத்துவிட்டு நான் டீ குடிக்கப் போக ஆரம்பித்தேன். அவர் சொன்னது இதுதான்: "பாடறது ரெக்கார்டு, கேக்கறது கம்ப்யூட்டரு. நடுவுல உங்களுக்கு என்ன சார் வேலை?"

வெயிலில் காய்ந்தவை

மல்லேஸ்வரத்திலிருந்து வந்த இன்னொருவர் பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். துணிப்பையிலிருந்து அவர் எடுத்து வைத்த ஏழெட்டுச் சின்ன ரெக்கார்டுகளும் பொரித்த அப்பளம்போல நெளிந்திருந்தன. வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, மொட்டை மாடியில் வரிசையாகக் காய வைத்திருக்கிறார். அவ்வளவு சுத்தமான ரெக்கார்டுகளை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. ஊசியை வைத்தால் அது படகில் போகிற மாதிரி ஏறி இறங்கியது, பாட்டு வரவில்லை.

கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் துணிப்பையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் என் மேஜையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார். வாசலில் நின்று சொன்னார்: "அடுத்தவங்க இடத்துக்கு அழுக்கோட எடுத்துட்டுப் போகக் கூடாதேன்னு பார்த்தேன் சார்."

எல்லாரும் இருந்தார்கள்

அழுக்கு எடுப்பதில் நானும் அவருக்குச் சளைத்தவன் இல்லை. கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு புரோகிராம் இருந்தது. ரெக்கார்டில் கீறல் இருந்தால் 'டிக் டிக்' என்று கேட்கும் அல்லவா, ஒரு பட்டனை அழுத்தினால் அது அத்தனையும் போய்விடும். எவ்வளவு எடுக்க வேண்டும் என்று கூட்டிக் குறைக்கலாம். நான் எப்போதும் முழுசாகக் கூட்டித்தான் வைப்பேன். பளிச்சென்று இருக்கிறது என்று நாலு பேர் சொன்னதில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்திருந்தது.

சரோஜா அம்மா ஸ்ரீராம்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். அவர் கொண்டுவந்தது, அந்தத் தெரு பஜனைக் கோஷ்டி எப்போதோ கைக்காசு போட்டு அடித்துக்கொண்ட சின்ன ரெக்கார்டு. கீறல் நிறைய. ஊசியை வைத்துவிட்டு டீக்குப் போனேன், வந்து பட்டனை அழுத்தினேன், சி.டி. போட்டேன். இடம் போதாத கம்ப்யூட்டர் என்பதால், முதலில் ஏற்றியதை வழக்கம்போல் அழித்தேன். "இனிமே ரெக்கார்டு எதுக்கும்மா, இடத்தைத்தான் அடைக்கும்" என்று எல்லாரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன். அதை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்து அதே சி.டி.யோடு வந்தார். போட்டுக் காட்டச் சொன்னார். பாட்டு, ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் கண்ணாடிபோல் கேட்டன. பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். போன வருஷம் காலமான அவர் கணவர் பெருமாள் அந்தக் கோஷ்டியில் பாடியவர் இல்லை, சிப்ளாக் கட்டை போட்டவர். விரலில் மாட்டிக்கொண்டு தாளத்துக்குத் தட்டும் இரண்டு மரக்கட்டைகள். மனுஷர் இந்த உலகத்தில் சத்தமாக மிச்சம் வைத்துப் போனது அது ஒன்றுதான். அடுத்த வெள்ளிக்கிழமை வருஷ திவசம். பிள்ளைகளும் பேரன்களும் வருகிறார்கள். அன்றைக்குப் போட வேண்டும்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கட்டை மேல் கட்டை மோதும் சத்தம் என் புரோகிராமுக்குக் கீறல். ஓர் அடி விடாமல் அவரைத் துடைத்து எடுத்திருந்தது. கூட உட்கார்ந்து ஒரு தடவை நான் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். சரோஜா அம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "எல்லாரும் இருக்காங்க தம்பி. அவர் மட்டும்தான் இல்ல."

சுவரில் இருந்தவர்

ரெக்கார்டு என்னிடம் இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாடிக்கையாளர்கள் விட்டுப் போகிறதையெல்லாம் சேர்த்து, எம்.ஜி. ரோடு பக்கத்தில் ஒரு பப்புக்குக் கொடுத்துவிடுவேன். அவர்கள் அதைச் சுவரில் அலங்காரமாக ஒட்டுவார்கள். சரோஜா அம்மாவுடையதும் அங்கே போயிருந்தது. வியாழக்கிழமைக்குள் தருகிறேன் என்று சரோஜா அம்மாவிடம் சொல்லி அனுப்பிவிட்டு, அலங்காரத்துக்கு ஆகாது என்று நான் கொடுக்காமல் வைத்திருந்த மல்லேஸ்வரத்துக்காரரின் நெளிந்த ரெக்கார்டு ஒன்றைப் பதிலுக்குக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பப் மேனேஜர் நல்ல மனுஷர். நான் ஸ்டூல் மேல் ஏறி ஒவ்வொரு ரெக்கார்டாக லேபிளைப் படிப்பதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஹௌதா? அப்படியா? இதுல பாட்டு வேற இருக்கா சார்?" என்று ஒரு தடவை கேட்டார். நாலாவது வரிசையில் கிடைத்தது. சுவர்ப்பக்கம் முழுக்க டேப். பிய்க்கும்போது அந்தப் பக்கம் போயே போய்விட்டது. இந்தப் பக்கம் சமையல் புகையும் தூசியுமாகப் பிழைத்திருந்தது. காலி இடத்தில் நெளிந்ததை ஒட்டினேன். மேனேஜர் தள்ளி நின்று பார்த்தார். "வளைஞ்சதுதான் சார் செமையா இருக்கு. இன்னும் இருந்தா கொண்டு வாங்க."

வியாழக்கிழமை

பஞ்சில் தண்ணீர் தொட்டு, அழுத்தாமல் துடைத்தேன். பட்டன் பக்கமே போகவில்லை. சரோஜா அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்து, ஒரு பக்கம் போய்விட்டது என்பதையும், அது என் தப்பு என்பதையும் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரில் ஏறும்படி ஊசியை வைத்தேன். கடுகு தாளிக்கிற மாதிரி பொரிந்துகொண்டே பாட்டு ஆரம்பித்தது. எனக்கு எது தூசி, எது கட்டை என்று பிரிக்கத் தெரியவில்லை. இதற்குத்தான் இவ்வளவு அலைச்சலா, இதிலும் ஆள் இல்லையா என்று நினைத்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

இரண்டாவது அடியில் அவர் கையை உயர்த்தி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். அவருடைய விரல்கள் மடியில் தாளம் போட ஆரம்பித்தன. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கும் கேட்டது: பொரிச்சலுக்கு நடுவே, சக் சக் என்று ஒரு ஆள். ஓர் இடத்தில் தாளம் சறுக்கியது. சரோஜா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இந்த இடத்துல முந்திடுவாரு. எத்தனை தடவை சொன்னாலும் முந்திடுவாரு. அவரேதான் தம்பி."

அதற்குப் பிறகு கடையை மூடும் வரைக்கும் ஊசி எழுந்திருக்காமல் நானும் எழுந்திருக்கவில்லை, டீ என் மேஜைக்கே வந்து காத்திருந்தது என்பதால், என் கணக்கில் பெங்களூரிலேயே அதிகமாக ஆறிப்போன டீ குடித்தவன் நான்தான்.